டி டிரைவில் இருக்கும் கேம் லினக்ஸில் திறக்கவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என் லேப்டாப் ஏழாம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1050. விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் லினக்ஸ் மின்ட் போட்டேன். தம்பி வாலரன்ட் ஆடுவான், அவனுக்காக விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

டி டிரைவில் விட்சர் 3 ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி 50 ஜிபிக்கு மேல் யார் இறக்குவது என்று அதே ஃபோல்டரை லினக்ஸ் ஸ்டீமில் (கேம்களை வாங்கி ஆடும் செயலி) சேர்த்தேன். ‘ப்ளே’ அழுத்தினால் ‘ஸ்டாப்’ என்று மாறுகிறது, மூன்று வினாடியில் மறுபடி ‘ப்ளே’. பிழைச் செய்திகூட இல்லை. லினக்ஸ் பக்கம் இறக்கிய ஸ்டார்ட்யூ வேலி நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானின் வெர்ஷனை மூன்று முறை மாற்றியாயிற்று. டிரைவர் கோளாறா?

பதில் 1:
புரோட்டானை விடுங்கள். டி டிரைவைத் திறந்து புது ஃபோல்டர் ஒன்று போட முடிகிறதா?

கேட்டவர்:
முடியவில்லை. வலது கிளிக் செய்தால் அந்த வரியே மங்கிக் கிடக்கிறது.

பதில் 1:
அங்கேதான் சிக்கல். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாது, அரைத் தூக்கம்தான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும் உங்கள் டி டிரைவும் பாதி வேலையில் விட்டது போலவே இருக்கும். எழுதினால் கெட்டுவிடும் என்று லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும். ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் அதே டிரைவில் ‘காம்பட்டேட்டா’ ஃபோல்டருக்குள் எழுதியாக வேண்டும். எழுத முடியாததால் சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது.

விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்கள். அப்புறம் ஷட்டவுன் செய்துவிட்டு மின்ட்டுக்கு வாருங்கள்.

கேட்டவர்:
கேம் திறந்துவிட்டது அண்ணா! இரண்டு நாள் தூக்கம் போனது இந்த ஒரு டிக்கால்.

பதில் 2:
அப்படியே விட்டுவிடாதீர்கள். புரோட்டான் அந்தக் ‘காம்பட்டேட்டா’ ஃபோல்டருக்குள் ‘சி:’ என்ற பெயரில் ஓர் இணைப்பு வைக்கும். பெயரில் முக்காற்புள்ளி வந்தால் விண்டோஸுக்கு ஆகாது. தம்பி ஆடும் விண்டோஸ் பக்கம் டிஸ்க் சோதனை ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. விட்சரின் சேவ் ஃபைலும் அதே ஃபோல்டருக்குள்தான்.

முக்கியமானதை பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி டிரைவைச் சுருக்குங்கள். கிடைத்த இடத்தை மின்ட்டில் லினக்ஸின் சொந்த வடிவமான இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்து ஸ்டீமில் சேருங்கள். புது டிரைவ் ரூட் (லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு) பெயரில் இருக்கும், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற மறக்காதீர்கள். பிறகு கேமின் ப்ராபர்ட்டீஸில் ‘மூவ்’ கொடுத்தால் போதும், மறுபடி இறக்க வேண்டாம்.

வாலரன்ட்டை லினக்ஸில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். அதன் வேன்கார்ட் என்ற மோசடித் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் உட்காரும் சரக்கு, புரோட்டானால் ஒன்றும் செய்ய முடியாது.

கேட்டவர்:
சரி, 200 ஜிபி பிரித்து மாற்றிவிட்டேன். ரூட் உரிமையில் பத்து நிமிடம் முழித்தேன், நீங்கள் எச்சரித்தும்! இப்போது சேவ் உட்பட எல்லாம் சரி. கடைசியாக ஒன்று: அப்பா தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்வார். மின்ட்டில் உண்டா?

பதில் 1:
உண்டு. பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவிவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். தமிழ் பட்டியலிலேயே தமிழ்99 இருக்கும்.