அன்னதானம் போட்டால் சீட்டுக் காசு கழியுமா?

உப்புவெளியான்:

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சீட்டுப் பிடித்தார். இருபது பேர், மாதம் ஐயாயிரம். பாதிப் பேர் இன்னும் எடுக்காமல் இருந்தபோது ஆள் குடும்பத்தோடு தலைமறைவாகிவிட்டார். கழிவில்லாமல் முழுக்காசும் வரும் என்று அம்மா கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தவர். அது போனது ஒரு பக்கம். தான் சேர்த்துவிட்ட இரண்டு அக்காமாருக்கும் அவர்கள் கட்டின காசை, தன் சங்கிலியை விற்று அம்மா கொடுத்தார். அவர்கள் கேட்கவும் இல்லை. விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிற மனுசி அவர்.

ஆள் இப்போது திரும்பி வந்திருக்கிறார். கழுத்தில் உருத்திராட்சம். வெள்ளிக்கிழமை தவறாமல் திருகோணமலைக் கோணேசர் கோயில், அடிக்கடி அன்னதானம். "பழசெல்லாத்தையும் சுவாமியின்ர காலடியில போட்டிட்டன், இப்ப மனசில பாரமில்லை" என்று என்னிடமே சொல்கிறார். சொல்லிக்கொண்டே என் இலையில் இன்னொரு அகப்பை பருப்பு ஊற்றினார்.

சுவாமி மன்னித்திருப்பாரா? மன்னித்திருந்தால் அம்மா சங்கிலியை விற்றது எதற்கு? ஆடுகிற வயதில் ஆடிவிட்டுக் கடைசியில் திருந்துகிறவன் கெட்டிக்காரன், ஒழுங்காக வாழ்ந்தவர் மடையர் என்றல்லவா ஆகிறது?

கோயிலடி:

தம்பி, இதற்கு உதாரணம் கோணமலையிலேயே இருக்கிறது. இராவணன் வெட்டினது என்கிற மலைப்பிளவு, அந்த இராவணன் வெட்டைத் தாண்டித்தானே கும்பிடப் போகிறோம். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் இராவணனுக்குத்தான், எங்கள் கோணமாமலைப் பதிகத்திலும் அப்படியே. கயிலையைப் பெயர்க்கப் பார்த்தான், சுவாமி விரலை ஊன்றினார், நசுங்கி அலறிப் பாடினான். அவர் இரங்கி வாளும் கொடுத்து அனுப்பினார். பிழை செய்தவனும் பணிந்தால் அருள் உண்டு என்று காட்டத்தான் அந்தப் பாட்டு என்பார்கள். அதுவரைக்கும் உங்கள் சீட்டுக்காரர் சொல்வது சரி.

ஆனால் அதே இராவணன் பிறகு சீதையைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குக் கயிலையில் வாங்கின மன்னிப்பு உதவவில்லை, குலத்தோடு போனான். சைவ சித்தாந்தமும் இதைத்தான் சொல்கிறது: பிறவி பிறவியாய்ச் சேர்ந்து கிடக்கிற வினை, சஞ்சிதம், குருவருளால் எரியலாம், இந்த உடம்போடு வந்த வினையான பிராரத்தத்தை அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும். அன்னதானத்துக்குப் புண்ணியம் உண்டு. அது தனிக் கணக்கு, பாவத்தில் கழிக்க வராது. பாவநாசத் தீர்த்தத்தில் எத்தனை முழுக்குப் போட்டாலும் சீட்டுக் கொப்பி நனையாது தம்பி.

கடற்காற்று:

கடவுளை விடுங்கள். பொலிஸில் சொன்னீர்களா? எழுத்து ஏதும் இருக்கிறதா?

உப்புவெளியான்:

அம்மாவின் கொப்பி மட்டும்தான். எல்லாம் நம்பிக்கையில் கட்டினது.

கிண்ணியா நானா:

தம்பி, எங்கள் மார்க்கத்தில் இது இரண்டு பிரிவு. எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள குற்றத்துக்கு மனம் வருந்தித் தௌபா செய்தால் அவன் மன்னிப்பான், எவ்வளவு பெரிதானாலும். அடியானுடைய ஹக்கு, மற்ற மனிதருக்குச் சேர வேண்டிய உரிமை, வேறு. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உரியவரே மனம் வந்து விட்டுத்தர வேண்டும். இறைவழியில் உயிரைக் கொடுத்த ஷஹீதுக்குக்கூடக் கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்று நபியவர்களின் ஹதீஸ் இருக்கிறது.

அதனால்தான் எங்கள் பக்கம் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன் பிள்ளைகள் எழும்பி நின்று, "வாப்பா யாருக்கும் கடன்பட்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் முதலில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். பல வருசம் பேசாமல் இருந்தவன் வாசலிலும் போய் நிற்க வேண்டும். பிளேனில் ஏறுவதைவிட அது கஷ்டம், பார்த்திருக்கிறேன்.

நாளை மறுமையில் தொழுகையும் நோன்புமாக நிறையக் கொண்டு வந்து, ஏமாற்றியவர்களுக்கெல்லாம் அதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவன்தான் உண்மையான வங்குரோத்துக்காரன் என்றும் வருகிறது. உங்கள் ஆள் போடுகிற அன்னதானம் உம்மாவின் பேரில்தான் ஏறுகிறதோ தெரியாது!

பாலையூற்று ரீச்சர்:

எங்கள் வேதத்திலும் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது மகன், களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பைபிளில் வரி தண்டுகிற சக்கேயு, ஏமாற்றினவர்களுக்கு நாலு மடங்கு தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான்.

ஆனால் உங்கள் கேள்வி, இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்து தகப்பனிடம் விருந்து பெற்ற ஊதாரி மகனின் அண்ணன் கேட்டது. வீட்டோடு இருந்து உழைத்த எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை, இவனுக்குக் கொழுத்த கன்றா என்று கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் அவனையும் கூப்பிட வெளியே வருகிறார். உள்ளே போனானா என்று கதை சொல்வதில்லை. எத்தனையோ வருசம் மறைக்கல்வி படிப்பித்தேன், எனக்கு அந்த அண்ணன் பக்கம்தான் இன்னும் மனம் போகிறது.

உப்புவெளியான்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று சொல்லட்டுமா? எல்லோரும் சீட்டுக்காரருக்கு விடை சொன்னீர்கள். நான் கேட்டது அம்மாவைப் பற்றியும்தான். சரி, அவரிடமே கேட்போம் என்று, இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

"மோட்சம் கீட்சம் எல்லாம் நான் யோசிக்கேல்லை" என்றார். "அவளவை என்ர முகத்துக்காகத்தானே சேந்தவை. குடுக்காட்டி நான் எந்தக் கிணத்தடியில போய் நிக்கிறது?" சீட்டுக்காரரை மன்னிப்பீங்களா என்றதற்கு, "சுவாமி மன்னிச்சால் அது அவரிட விருப்பம். நான் சுவாமியிட்டயே சீட்டுக் கட்டினனான்?"

நானா, உங்கள் ஜனாஸா வழக்கம் அவருக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டது. எங்கட செத்தவீட்டிலயும் இப்பிடிக் கேட்டால் எத்தினை பேர் எழும்புவினம் என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சீட்டுக்காரர் வீட்டுக்குப் போகிறேன். கோயிலில் வைத்துக் கேட்கக் கூடாது, பெண்சாதி பிள்ளைகளுக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. மாதம் இரண்டாயிரமாகத் தந்தாலும் வாங்குவாராம். அது சரிப்பட்டால், அன்னதானத்துக்கு இடியப்பமும் அவித்துக் கொடுப்பாராம், காசுக்கு.

கிண்ணியா நானா:

கொப்பியைக் கொண்டுபோக முதல் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள் தம்பி.