சிவப்பு ஜப்பான் பூச்சு அலமாரி: கிரெண்டி பெயரைப் போடலாமா?

பழமரம்:
ஏலப் பட்டியலில் ஜப்பான் பூச்சு (கிழக்காசிய அரக்கு வேலையைப் போல ஐரோப்பாவில் பூசியது) போட்ட ஒரு சிவப்பு எழுத்துமேசை அலமாரி. செய்தவர் லேபிள் இல்லை, ரசீதும் இல்லை. "ஜைல்ஸ் கிரெண்டி, லண்டன், சுமார் 1735" என்று அந்த மரச்சாமான் தச்சரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சரியென்றே நினைக்கிறேன். ஸ்பெயினின் லாஸ்கானோ கோட்டைக்கு அவர் அனுப்பிய செந்நிறத் தொகுதியில் குறைந்தது 77 உருப்படிகள். சிலவற்றில் லண்டன் கிளார்க்கன்வெல் முகவரியோடு அவர் லேபிளே ஒட்டியிருக்கிறது. ஒப்பிட இதைவிட நல்ல ஆதாரம் ஏது?

வச்சிரம்:
எதை ஒப்பிட்டீர்கள்? நிறத்தையும் பூச்சின் மேல் வரைந்த சீன உருவங்களையும்தானே? ஸ்டாக்கரும் பார்க்கரும் 1688இல் வெளியிட்ட ஜப்பான் பூச்சுக் கையேட்டில் 24 பக்கம் மாதிரிப் படங்கள் உண்டு. எந்தப் பட்டறையும் அவற்றைப் பார்த்து வரையலாம். செய்முறையும் பொது: பைன் பலகையில் சுண்ணவெள்ளையும் வச்சிரமும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) கலந்த அடிப்பூச்சு, மேலே நிறம் சேர்த்த அரக்கு வார்னிஷ் பல கை, புடைப்புக்குக் கோந்துநீரில் குழைத்த விழுது, அதன்மேல் உலோகப் பொடி. பூச்சுவேலை தனித்தொழில். தச்சர் ஒருவர், பூச்சுக்காரர் வேறொருவராக இருக்கலாம். லண்டன் செயின்ட் பால் தேவாலய முற்றத்து மரச்சாமான் தச்சர் ஜான் பெல்ச்சியர் பெயரிலும் இதே செந்நிற அலமாரிகளைச் சொல்கிறார்களே!

ஊதாவிளக்கு:
முதலில் நீங்கள் பார்ப்பது பழைய பூச்சுதானா என்று உறுதி செய்யுங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கு பிடித்தால் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் (இந்தியாவிலிருந்து கப்பலேறிய அரக்குதான் அது). பச்சையாகவோ வெளிர்நீலமாகவோ ஒளிர்ந்தால் பிற்காலத்தில் வேறு பிசின் ஏறியிருக்கலாம். ஆனால் பழுதுபார்த்தவர்களும் அரக்கே பூசியிருப்பார்கள். ஆரஞ்சு மட்டும் போதாது. ஏற்கெனவே பெயர்ந்த விளிம்பில் குண்டூசித் தலையளவு துணுக்கு எடுத்து, குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். இரண்டு பூச்சுகளுக்கு நடுவே அழுக்குப் படலம் இருந்தால் மேலே உள்ளது பிந்தையது. பொன் உருவங்கள் அந்தப் படலத்துக்கு மேலே இருந்தால், ஒப்பீடே விழுந்துவிடும்.

பழமரம்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூச்சை மட்டும் நான் சொல்லவில்லை. இழுப்பறை மூலைகளின் புறாவால் இணைப்பு (புறாவின் வால் வடிவில் வெட்டிக் கோத்தது), அடிப்பலகையின் நார் ஓடும் திசை, இழுப்பறைகளுக்கு நடுவே உள்ள தூசிப்பலகை, பூட்டு எல்லாம் லேபிள் உள்ள உருப்படியோடு ஒத்துப்போனால்?

வச்சிரம்:
அப்படியானால் என் எதிர்ப்பு பாதி குறையும். ஒன்று ஒத்தால் போதாது, பல கூறுகள் சேர்ந்து ஒக்க வேண்டும். லேபிளையும் அப்படியே நம்பாதீர்கள். கழற்றி ஒட்டியிருந்தால் சுற்றியுள்ள மரத்தின் கறுப்பும் தாளின் ஓரமும் பொருந்தாது. வலுவான சான்று ரசீதுதான்: இங்கிலாந்தின் நாஸ்டெல் பிரையரி மாளிகையின் பச்சை ஜப்பான் பூச்சு மரச்சாமான்களுக்கு லண்டன் தச்சர் சிப்பெண்டேல் 1771இல் எழுதிய பில் இருக்கிறது. இந்த அலமாரிக்கு அப்படி ஏதுமில்லை. "கிரெண்டி செய்தது" என்பதை எடுத்துவிட்டு, "கிரெண்டியுடையதாகக் கருதப்படுவது" என்று போட்டு, எந்தக் கூறுகள் ஒத்தன என்பதையும் எழுதட்டும்.

பழமரம்:
இழுப்பறைகளின் உட்புறப் படங்களைக் கேட்டு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் லாஸ்கானோ உருப்படிகளின் படங்களோடு சேர்த்து இங்கே போடுகிறேன்.