ரிசோட்டோ வெளிய குழையுது, நடுவுல அரிசி நறுக்குனு நிக்குது. எங்க தப்பு?

பாலக்கோட்டுக்காரி:
லீவுக்கு வந்த மக ரிசோட்டோ (இத்தாலிக்காரங்க குழைவா செய்யுற அரிசிச் சாப்பாடு) கேட்டா. வீட்டுக்காரர் ஓசூர் போனப்போ அதுக்குப் போடுற ஆர்போரியோங்கிற இத்தாலி அரிசி அரைக் கிலோ வாங்கிட்டு வந்தார். மூணு தண்ணி கழுவி வடிச்சேன். வெங்காயமும் காளானும் வதக்கி, அரிசியைப் போட்டு, காலையில காய்கறி வேக வெச்ச தண்ணியை (ஆறிப்போயிருந்துச்சு) கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கை எடுக்காம கிண்டினேன். அடுப்பு முழுசா எரிஞ்சுது. வெளிய கொழகொழ, கடிச்சா சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி ஒரு புள்ளி. கடைசியில மொசரெல்லா சீஸ் போட்டேன், கரண்டியோட நூல் நூலா எழும்புது. "நொய் வேகாத களி"ன்னு மாமியார் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. இன்னும் முக்கால் பங்கு அரிசி இருக்கு, வீணாக்க மனசில்லை.

ஓசூர் அடுப்படி (ஹோட்டல் கிச்சன்ல ஒன்பது வருசம்):
மாமியார் சொன்னது சரிதாங்க. களிக்குத் துடுப்பு போடுற மாதிரி போட்டிருக்கீங்க.

முதல்ல அரிசியைக் கழுவவே கூடாது. ஆர்போரியோவுக்கு அத்தனை காசு குடுக்கிறதே மேல இருக்கிற மாவுக்காகத்தான். அதுல அமைலோபெக்டின்ங்கிற மாவுச்சத்து அதிகம், வேகும்போது தண்ணியில கரைஞ்சு அதுதான் பால் ஏடு மாதிரி குழம்பாகுது. நீங்க அதை சிங்க்ல ஊத்திட்டீங்க.

நடுவுல வேகாததுக்குக் காரணம் ஆறின தண்ணி. ஒவ்வொரு கரண்டிக்கும் சட்டி சூடு இறங்கும், கரண்டி அரிசி மேலத் தோலை மட்டும் தேய்ச்சு எடுக்கும், சூடு உள்ள போகாது. தீயும் பெருசா இருந்ததால ஊத்தின தண்ணி அரிசிக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஆவியாப் போச்சு. பக்கத்து அடுப்புல தண்ணி லேசா கொதிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு கப் அரிசி, அதாவது 200 கிராமுக்கு, 800 மில்லியில இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் எடுத்து வைங்க, மிச்சமானா பரவாயில்லை.

வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் அரிசியைப் போட்டு ரெண்டு நிமிசம் வறுங்க. ஓரம் தெளிஞ்சு நடுவுல மட்டும் வெள்ளையா தெரியும், அப்போ முதல் கரண்டி. தண்ணி வத்தினதும் அடுத்தது. அடி பிடிக்காம அப்பப்போ புரட்டினா போதும். 15 நிமிசத்துக்கு மேல கடிச்சுப் பாருங்க, 18 வாக்குல சரியா வரும். நடுவுல லேசா பல்லுல தட்டுறது இத்தாலிக்காரங்களுக்கு வேணும்கிற பதம், அதைப் பச்சைன்னு நினைக்காதீங்க. சுண்ணாம்பு மாதிரி பொடிஞ்சாத்தான் தப்பு.

கிருஷ்ணகிரி அக்கா:
சீஸைச் சொல்லாம விட்டுட்டீங்களே. மொசரெல்லா பீட்சாவுக்குத்தான் கண்ணு, இதுல இழுக்கத்தான் செய்யும். பார்மேசான் மாதிரி கெட்டி சீஸைப் பொடியா துருவணும். அடுப்பை அணைச்சு அரை நிமிசம் விட்டு, பிரிட்ஜ்ல இருந்து எடுத்த வெண்ணெய்யையும் சீஸையும் போட்டு வேகமா அடிச்சுக் கலக்கு. தட்டுல போட்டுத் தட்டினா தானாப் பரவணும், வெண்பொங்கல் மாதிரி குமிஞ்சு நின்னா ஒரு கரண்டி வெந்நீர் விடு. சீஸ்லயே உப்பு இருக்கு, அதனால உப்பைக் கடைசியில பாரு. இதுக்கு வழக்கமா ஊத்துற ஒயினுக்குப் பதிலா நான் நாலு சொட்டு எலுமிச்சை விடுவேன்.

காரிமங்கலம் தம்பி:
பொன்னிப் பச்சரிசியில செய்ய முடியாதா அக்கா?

கிருஷ்ணகிரி அக்கா:
செஞ்சு பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அது சீஸ் போட்ட பொங்கல். புழுங்கலரிசிப் பக்கமே போகாத, மாவு விடாது. சீரகச் சம்பாவோ பிரியாணி வாசம் காட்டிடும்.

பாலக்கோட்டுக்காரி:
ஞாயித்துக்கிழமை மறுபடி செஞ்சேன். கழுவலை. கை பழக்கத்துல குழாயைத் திறந்துட்டு மூடினேன். கரண்டி கரண்டியா கொதிதண்ணி, 17வது நிமிசம் அணைச்சேன். ஏடு கட்டின மாதிரி வந்துச்சு, நூல் இல்லை. ஆனா மக போன் பேசி முடிச்சு வர்றதுக்குள்ள தட்டுலயே இறுகிப்போச்சு. ஒரு கிண்ணம் மிச்சமும் இருக்கு, சூடு பண்ணலாமா?

ஓசூர் அடுப்படி:
இறுகத்தான் செய்யும், அதனால ஆளுங்களை உக்கார வெச்சுட்டு அப்புறம் இறக்குங்க. மிச்சத்தைச் சூடு பண்ணாதீங்க. பிரிட்ஜ்ல வெச்சு, நாளைக்கு எலுமிச்சை அளவு உருட்டி, உள்ள சீஸ் துண்டு வெச்சு, மைதாக் கரைசல்ல முக்கி, ரொட்டித்தூள்ல புரட்டிப் பொரிங்க. சிசிலியில இதுக்கு அரஞ்சினின்னு பேரு. மீந்த மொசரெல்லாவுக்கு இதுதான் இடம்.