பிள்ளைகளோடு ஜெலி: பெட்டித் தூளா, கடல்பாசியா?

குளக்கட்டு, கிளிநொச்சி:
சனிக்கிழமை என் பிள்ளைகள் இரண்டு பேரும் அயல் பிள்ளைகளும் கூடி ஜெலி செய்தோம். பெட்டியில் வரும் ஜெலற்றின் தூள்தான். சின்னவன் கலக்கினான், பெரியவள் முற்றத்து அன்னாசியை வெட்டிப் போட்டாள். இரவு முழுக்க பிரிஜ்ஜில் இருந்தும் காலையில் சர்பத் மாதிரித் தண்ணீராகக் கிடந்தது. சின்னவன் கரண்டியோடு வந்து நின்ற முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இனி கடையில் வாங்கிக் கொடுப்பதுதான் நல்லது.

பாலைமரம், மாங்குளம்:
அக்கா, தூளில் பிழை இல்லை. ஜெலற்றின் ஒரு புரதம். பச்சை அன்னாசியில் உள்ள நொதியம் அதை அறுத்துவிடும். இறைச்சி மெதுவாக வரப் பப்பாசிக்காய் போடுகிறோமே, அதே வேலைதான். அன்னாசியை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியபின் போடுங்கள். பேணி அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அதனால் சிக்கல் இல்லை.
ஆனால் என்னைக் கேட்டால், கடல்பாசிக்கு (அகர் அகர்) மாறுங்கள். அது புரதம் இல்லை, அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் பிரிஜ் இல்லை. சித்திரை வெயிலிலும் தட்டில் ஊற்றி வைத்தால் இறுகிவிடும். ஜெலற்றின் அந்தச் சூட்டில் இளகிப் போகும்.

முறிப்பு:
இதில் நான் ஒத்துவரமாட்டேன் தம்பி. கடல்பாசியை அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் கிண்ட வேண்டும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும். ஜெலித் தூளுக்கு நாங்கள் சுடுநீர் ஊற்றிக் கொடுத்தால் போதும், மிச்சம் முழுக்க அவர்கள் கை. வாயில் வைத்ததும் கரைகிற சுகமும் பாசியில் இல்லை, அது நறுக்கென்று உடையும்.

பாலைமரம்:
கொதிக்கவைப்பது மட்டும்தான் எங்கள் வேலை. தும்பு மாதிரி விறைத்துக் கிடக்கும் பாசியைக் கழுவி ஊறப்போடுவது, பழம் பிழிவது, தட்டில் பழத்துண்டு அடுக்குவது எல்லாம் என் மகள்தான். 10 கிராம் பாசிக்கு ஒரு லீற்றர் தண்ணீர். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விட வேண்டும். புளியோடு கொதித்தால் இறுக்கம் குறையும்.
இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெலற்றின் பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. அயல் பிள்ளைகள் என்கிறீர்கள் அக்கா. வெள்ளிக்கிழமை மரக்கறி வீடு இருக்கும், முஸ்லிம் வீடும் இருக்கும். தாய்மாரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கடல்பாசி என்றால் நோன்பு திறக்கிற வீட்டிலேயே செய்வார்கள்.

முறிப்பு:
கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் கரையாது என்பதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். கொஞ்சாக் என்ற கிழங்கின் மா சேர்த்த சின்னக் கப் ஜெலி தொண்டையில் அடைத்துப் பிள்ளைகள் இறந்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. பாசியும் வாயில் கரையாது, அதனால் நாலு வயதுக்குக் கீழே என்றால் பொடியாக வெட்டி, இருத்தி வைத்துத்தான் கொடுப்பேன். ஓடி விளையாடும்போது வேண்டாம்.

குளக்கட்டு:
பாசி வாங்கியாச்சு, தாய்மார் இரண்டு பேரிடமும் கேட்டாச்சு. பெட்டித் தூளும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரியவள் இதை எல்லாம் வாசித்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் பச்சை அன்னாசியும் இன்னொன்றில் அவித்ததும் போட்டுப் பார்ப்போம் என்கிறாள். சின்னவன் பாசிக் கிண்ணம் தனக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.