குதிரேமுக்கில் மாமா வீட்டைத் தேடிப் போனேன்

குதிரேமுக் என்றால் இப்போது எல்லாருக்கும் டிரெக்கிங்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அது மாமா ஊர். கர்நாடக மலைக்காட்டில் இருந்த அந்த இரும்புச் சுரங்கத்தில் அவர் ஃபிட்டர். தொண்ணூறுகளில் தசரா லீவு விட்டதும் பெங்களூரில் ராத்திரி பஸ் ஏறுவோம். விடிகிற நேரம் வளைவுகளில் வயிறு புரட்டும். இறங்கினால் அத்தை குடையோடு நிற்பார். மல்லேஸ்வரா டவுன்ஷிப் என்று பெயர் (நம் பெங்களூர் மல்லேஸ்வரம் இல்லை). பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் அந்தக் காட்டு நடுவிலேயே இருந்தது.

மாமா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கறுப்புப் பொடி வைத்திருந்தார். முகப்பவுடர் மாதிரி அவ்வளவு நைஸ். காகிதத்தில் கொஞ்சம் கொட்டி, அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நகர்த்தினால் பூனை முடி சிலிர்த்த மாதிரி எழுந்து நிற்கும். மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கிற இரும்புத் தாது. பாறையாக வெட்டும்போது அதில் இரும்பு சுமார் 38 சதவீதம்தான். அதை மாவாக அரைத்து, காந்தத்தில் பிரித்து, 67 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூர் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். மிஞ்சிய கசடை அடைத்து வைக்கத்தான் லக்யா அணை, 100 மீட்டர் உயரம்.

இந்த ஊரின் ஜாதகமே விசித்திரம். இங்கே இரும்பு இருக்கிறது என்று சம்பத் ஐயங்கார் என்ற நிலவியலாளர் 1913-லேயே சொல்லிவிட்டார். ஆனால் பெரிய அளவில் தோண்ட வழி பிறந்தது 1975-ல், ஈரான் ஷா மூலமாக. 21 வருஷத்தில் 15 கோடி டன் வாங்கிக்கொள்கிறோம், கட்டுவதற்கு 63 கோடி டாலர் கடனும் தருகிறோம் என்று ஒப்பந்தம். 1976-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி, ஷாவே நாட்டில் இல்லை. பணமும் பாதியில் நின்றுபோனது. "மண்டபம் பிடிச்சு, பந்தி போட்டு, இலை விரிச்சாச்சு, மாப்பிள்ளை வீட்டைக் காணோம்" என்பார் மாமா. அப்புறம் வேறு நாடுகளுக்கு விற்றுத்தான் ஓட்டினார்கள். 1987-ல் சுற்றியிருந்த காடு தேசியப் பூங்கா ஆனது. 2002-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2005 டிசம்பரோடு சுரங்கம் மூடல். மாமா வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஓசூர் வந்துவிட்டார்.

2018-ல் மகளை அழைத்துக்கொண்டு காரில் போனேன். செக்போஸ்டில் நேரம் எழுதிச் சீட்டு கொடுத்தார்கள்; வழியில் நிறுத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது. டவுன்ஷிப்பில் ஒன்றிரண்டு வீடுகளில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள், கொடியில் துணி தொங்கியது. மற்றவை பூட்டியோ திறந்தோ கிடந்தன. மாமா வீட்டு நம்பர் மறந்துவிட்டது. ஆனால் ஒரு அடையாளம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மழையில் (வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டர், நம் சென்னைக்கு 1,400) பீரோவில் வைத்த துணியும் பூசணம் பூக்கும். அதனால் மாமா சுவர் அலமாரியில் ஓட்டை போட்டு, ஒயர் இழுத்து, உள்ளே 40 வாட் பல்பு ஒன்றை ராப்பகலாக எரியவிட்டிருந்தார். ஸ்கூல் யூனிபார்ம் எல்லாம் இட்லி மாதிரி சூடாக இருக்கும். அந்த ஓட்டையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று போனேன். திறந்து கிடந்த முதல் வீட்டில் ஓட்டை இருந்தது. அடுத்த வீட்டிலும் இருந்தது. மூன்றாவதில் ஹோல்டரே தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க எல்லாரும் இதையேதான் செய்திருக்கிறார்கள்!

நீங்கள் யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்.

*

பதில் (கோவையிலிருந்து):

நான் போனது சிகரத்துக்கு மட்டும், அடிவாரத்து முள்ளோடி கிராமம் வழியாக. போக வர இருபது கிலோமீட்டருக்கு மேல். ஜூன் கடைசி, அட்டை சொல்லி மாளாது. எங்கள் கூட வந்த கைடு மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காலில் பூசிவிட்டார். நாற்றம் தாங்கவில்லை, ஆனால் அட்டை கொஞ்சம் யோசித்துத்தான் ஏறியது. மேலே போனால் வெறும் மேகம். ஊர்ப் பெயருக்குக் காரணமான அந்தக் குதிரை முகம் மாதிரியான சிகர வடிவத்தை நான் பார்க்கவே இல்லை, போட்டோவில்தான்.

*

பதில் (களசா பக்கம் இருந்தவர்):

எங்கள் அப்பா, தாத்தா எல்லாம் இங்கே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள், பூர்வீகம் சேலம். டவுன்ஷிப் மூடினதைப் பற்றி வருத்தமாக எழுதுகிறீர்கள், சரி. கொஞ்சம் கீழே இருந்தும் பாருங்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆடி மாதம் பத்ரா ஆறு செங்கல் கரைத்த மாதிரி வரும். தோண்டிய மண் மழையில் ஆற்றுக்கு வருகிறது என்பதுதான் வழக்கிலும் முக்கியமான புகார். நாகரஹொளேயில் வன அதிகாரியாக இருந்த கே.எம். சின்னப்பாதான் கோர்ட்டுக்குப் போனார். துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறக்கிற மலை ஐயா இது. சிங்கவால் குரங்கும் இருக்கிறது.

அதே சமயம் டவுன்ஷிப்பில் ராத்திரி எரிகிற லைட்டைத் தூரத்திலிருந்து பார்த்து, பெரியவனானால் அங்கேதான் வேலைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். எனக்கு வயது வந்தபோது கேட் மூடிவிட்டார்கள்.

*

முதலில் எழுதியவர்:

களசாக்காரருக்கு: நீங்கள் சொல்வது நியாயம். ஆறு சிவப்பாக ஓடியதை மாமாவும் மறுக்க மாட்டார். "நாங்க குடிச்சதும் அதே ஆத்துத் தண்ணிதானே" என்று மட்டும் சொல்வார்.

ஓசூரில் அவருக்கு அந்த அலமாரிப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தார். "இது எதுவும் நம்ம வீடு இல்ல. நான் ஓட்டை போட்டது இடது பக்கம்" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டில் எங்கே என்று கேட்டேன். அத்தை சமையலறையிலிருந்தே, "வீடு மாத்தும்போது கோலப்பொடின்னு நெனச்சு வாசல்ல கொட்டிட்டேன்" என்றார். கறுப்புக் கோலப்பொடி எங்கே விற்கிறது என்று மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.