'பரபொலே'க்குத் தமிழ்: உவமை, உள்ளுறைக்கதை, உவமைமொழி

அன்பர்களுக்கு வணக்கம்.

இயேசுவின் போதனை முறையைக் குறிக்கும் 'பரபொலே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, 'உள்ளுறைக்கதை' என்பதைக் கலைச்சொல்லாக நண்பர் முன்மொழிந்திருக்கிறார். தமிழ் மரபிலிருந்தே சொல்லெடுக்க வேண்டும் என்பதில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இச்சொல் இப்பொருளுக்குப் பொருந்தாது.

விவிலியத் தமிழில் நெடுங்காலமாக வழங்குவது 'உவமை'. அது போதாது என்பதை யாழ்ப்பாணத்தில் நான் நடத்தும் மறைக்கல்வி வகுப்பில்தான் உணர்ந்தேன். தூவிய விதையில் ஒரு பங்கு வழியோரத்தில் விழுவதைச் சொல்லும் விதைப்பவர் உவமையை முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து, "ரீச்சர், உவமை எண்டால் 'போல' வரவேணும் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை. இதில அது எங்க?" என்று கேட்டாள். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நடுகிற குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு வேறு கேள்வி இருந்தது: "எந்தத் தோட்டக்காரன் ஒழுங்கையில விதைப்பான்?" முதற்கேள்வி சொல்லின் குறையைக் காட்டியது. இரண்டாவது, அக்கதை கேட்பவரைத் திடுக்கிட வைத்துச் சிந்திக்கத் தூண்டும் விதத்தையே காட்டியது.

இனி உள்ளுறைக்கு வருவோம். சங்க அகப்பாடல்களில், இயற்கைக் காட்சி ஒன்றைச் சொல்லி அதற்குள் வேறொரு பொருளை மறைத்து உணர்த்தும் உவமையே உள்ளுறை. தெய்வம் நீங்கலான கருப்பொருளை, அதாவது அந்தந்த நிலத்துக்குரிய விலங்கு, மரம், தொழில் போன்றவற்றை, இடமாகக் கொண்டே உள்ளுறை உவமம் வரும் என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். இயேசுவும் விதை, புளித்த மா, வலை, ஆடு ஆகியவற்றைக் கொண்டே இறையாட்சியைப் பேசுகிறார்; அறிவற்ற செல்வன் கதை போன்ற சிலவற்றைத் தவிர, கதைக்குள் கடவுள் நேரே வருவதில்லை. இந்த ஒற்றுமை என்னையும் ஈர்த்தது. ஆயினும், தாமரையை மேயும் மருதத்து எருமை தலைவன், அம்மலர் பரத்தை என்று உறுப்புக்கு உறுப்பாகப் பொருத்திக் காண்பது உள்ளுறையின் இயல்பு. அதே வழியில்தான் பழந்திருச்சபை அறிஞரான புனித அகுஸ்தீனார், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் உதவும் நல்ல சமாரியர் கதையில் சமாரியரைக் கிறிஸ்துவாகவும், சத்திரத்தைத் திருச்சபையாகவும், சத்திரக்காரரைப் பவுலாகவும் கண்டார். அடிபட்டுக் கிடப்பவனுக்கு அயலான் யார் என்ற கேள்வி, இப்படிப் பொருத்திக்கொண்டு போகும்போது காணாமலே போய்விடுகிறது. யூலிகர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1888 இல் இவ்வகை வாசிப்பைக் கடுமையாக மறுத்தார். விதைப்பவர் கதைக்கு மாற்கு நற்செய்தியிலேயே உறுப்புவாரியான விளக்கம் இருப்பதால் அவர் கருத்தை அப்படியே ஏற்க இயலாவிட்டாலும், பெரும்பாலான உவமைகள் ஒரு முனையை நோக்கியே செல்கின்றன என்பதை மறுக்க முடியாது. எனவே 'உள்ளுறைக்கதை' என்பதை, ஒவ்வொரு உறுப்பும் வேறொன்றைக் குறிக்கும் கதைக்கு ஒதுக்கிவைப்பதே முறை.

'நீதிக்கதை' அறவே பொருந்தாது. மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் விடியற்காலையில் வந்தவருக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரரின் கதையில், நாம் நீதி என்று எண்ணியிருப்பதே கேள்விக்குள்ளாகிறது. 'உவமைக்கதை'யிலும் ஒரு குறை உண்டு: கடுகு விதையைப் பற்றிய இரண்டொரு வசனங்களைக் கதை என்று எப்படிச் சொல்வது? மேலும், லூக்கா 4:23 இல் 'மருத்துவரே, உம்மையே நீர் குணமாக்கிக்கொள்ளும்' என்ற வழக்கையும் கிரேக்க மூலம் பரபொலே என்றே சொல்கிறது. நம் மொழிபெயர்ப்புகள் அதைப் 'பழமொழி' என்கின்றன. அருகில் வைத்து ஒப்பிடுதல் என்பது கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள். அதற்கு முன்னோடியான எபிரேய 'மாஷால்' என்பதும் பழமொழி, விடுகதை, கதை யாவற்றையும் அடக்கும்.

ஆகவே பொதுச்சொல்லாக 'உவமைமொழி' என்பதை முன்வைக்கிறேன். மொழி என்றால் பாஷை என்று கொள்வார்களோ என்ற ஐயம் எழலாம். பழமொழி, முதுமொழி, வாய்மொழி என்பவற்றில் அது கூற்று என்ற பொருளில் நம் நாவில் புழங்குவதால், இடர்ப்பாடு வராது. அதற்குள், கதையாக விரிவதை 'உவமைக்கதை' என்றும், நல்ல சமாரியரைப் போல நடத்தையையே நேராகக் காட்டுவதை 'எடுத்துக்காட்டுக் கதை' என்றும் பிரிக்கலாம்.

திருப்பலியில் வாசிக்கும் பகுதிகளில் 'உவமை' அப்படியே இருக்கட்டும். செவிக்குப் பழகிய அச்சொல்லை அங்கே மாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. பாடநூல்களுக்கும் அகராதிக்குமே இம்முன்மொழிவு. மாற்றுச் சொல் வைத்திருப்போர், கடுகு விதைக்கும் ஊதாரி மைந்தனுக்கும் அதைப் பொருத்திக் காட்டி எழுதுமாறு வேண்டுகிறேன்.