வீட்டுக் கூட்டத்தில் மனம் திறந்து பேச வைப்பது எப்படி?

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். உங்கள் ஆலோசனை வேண்டும்.

எங்கள் சபையில் வாரம் ஒருமுறை சிறு குழுவாக வீட்டில் கூடுகிறோம். பாட்டு, வசனம், ஜெபம் எல்லாம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஜெபக் குறிப்பு கேட்டால் பரீட்சை, வேலை, உடல்நலம், அவ்வளவுதான். சமீபத்தில் ஒரு தம்பி தயங்கித் தயங்கி, "கொஞ்ச நாளாக எனக்கு ஜெபமே வரவில்லை" என்றார். அவர் முடிப்பதற்குள் ஒருவர் வசனம் சொல்லிப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பி தலையை ஆட்டிவிட்டு வேதாகமத்தை மூடிக்கொண்டார். அப்புறம் பேசவே இல்லை. எனக்கு மனசு தாங்கவில்லை.

ஆதி சபையார் உபதேசத்தில் மட்டுமல்ல, அந்நியோந்நியத்திலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2:42 சொல்கிறது. யாக்கோபு 5:16 இன்னும் ஒரு படி மேலே போய், குற்றங்களையே ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் 1742-இல் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களில் ஏறக்குறைய 12 பேர் வாரந்தோறும் கூடி, தங்கள் ஆத்தும நிலையைப் பற்றியே பேசினார்கள். பிரசங்கம் கேட்பதால் மட்டும் ஆவிக்குரிய வளர்ச்சி வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்படிப்பட்ட குழுவை நடத்துகிறவர்கள் சொல்லுங்கள். ஆண்கள், பெண்கள் தனித்தனியாகக் கூடுவது உதவுமா? பேசியது வெளியே போகாது என்ற நம்பிக்கையை எப்படி உண்டாக்கினீர்கள்? உடனே புத்தி சொல்கிறவரை, அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது? முக்கியமாக, அந்தத் தம்பியிடம் இப்போது நான் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம்?